ராக்வில் பாலத்துக்குக் கீழே

ஆகஸ்ட் பாதி தாண்டினால் சஸ்குவெஹானா ஆறு இறங்க ஆரம்பிக்கும். நம் ஊர் ஆறுகள் மணல் தெரிய வற்றுகிற மாதிரி வற்றாது. தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் முழங்கால் மட்டும், சில இடங்களில் கணுக்கால் மட்டும். கரைக்குக் கரை சில இடங்களில் ஏறக்குறைய ஒரு மைல். நடுவில் எங்கே பார்த்தாலும் பாறை முதுகுகள் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கும். ஒரு மைல் அகலம், ஒரு அடி ஆழம் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மாதங்களில் அது கிட்டத்தட்ட உண்மை. மோட்டார் படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிவிடுவார்கள். மீன் பிடிப்பவர்களிலும் பலர் மழைக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு அந்த ஆற்றில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது அந்த வறண்ட மாதங்கள்தான்.

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகர். மாநில அரசு அலுவலகங்களின் கணினி வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த தமிழர்கள் அங்கே நிறைய உண்டு. நானும் அப்படிப் போனவன். நகரம் கிழக்குக் கரையில். நாங்கள் இருந்தது மேற்குக் கரையில், எனோலாவில். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சரக்கு ரயில் யார்டு என்று பெயர் வாங்கிய இடம் அது. இரவு முழுவதும் பெட்டிகள் மோதி இணைகிற சத்தம் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தூக்கம் வராது. போகப் போக, அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை நியூ கம்பர்லாண்டு கோயிலுக்குப் போவது, அங்கே தெரிந்தவர்களைப் பார்ப்பது, வருகிற வழியில் காய்கறி வாங்குவது என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. ஆறு காரின் கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

நான் முசிறிக்காரன். குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவில் காவிரி அகண்டு கிடக்கிற இடத்தில் வளர்ந்தவன். அகன்ற ஆறு எனக்குப் புதிதில்லை. அடியில் மணலே இல்லாத அகன்ற ஆறுதான் புதிது. அதை முதலில் காட்டியவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வால்ஐ மீன் ஒன்றுக்காகவே அந்த ஆற்றில் இறங்குகிறவர். பாஸ் மீன் பிடிக்கிறவர்களை அவர் மதிப்பதில்லை. பகலில் தானாக வந்து கடிக்கிற மீனைப் பிடிப்பதற்கு என்ன வேண்டும் என்பார்.

வால்ஐ நம் நாட்டில் இல்லாத மீன். வட அமெரிக்காவின் ஏரிகளுக்கும் பெரிய ஆறுகளுக்கும் உரியது. ஆலிவ் பச்சையில் பொன் கலந்த உடம்பு, முதுகில் முள் வரிசை, வால் துடுப்பின் கீழ் நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு, வாய் நிறையக் கூர்ப்பற்கள். அதன் கண் பெரியது. வெளிச்சம் பட்டால் பளபளக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் அதற்கு நன்றாகப் பார்வை தெரியும். அதன் இரை மீன்களுக்கு அவ்வளவு தெரியாது. அதனால் பகலில் ஆழத்திலும் நிழலிலும் அடங்கிக் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போதும் விடியும் முன்பும் மேட்டுக்கு ஏறி வந்து வேட்டையாடும். ஆழமும் மேடும் அடுத்தடுத்து இருக்கும் இடம்தான் அதற்கு வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வித்தையும். அதை நிறைவெள்ளத்தில் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஆற்றின் அடிப்பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் ஊரின் ஏரியில் கிளம்பி, 444 மைல் ஓடி, செசபீக் விரிகுடாவில் கலக்கிறது சஸ்குவெஹானா. ஹாரிஸ்பர்க்குக்கு வடக்கே அப்பலாச்சியன் மலையின் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் பாதையில் குறுக்கே நிற்கின்றன: பீட்டர்ஸ் மலை, செகண்ட் மலை, புளூ மலை. ஆறு வளைந்து விலகிப் போகவில்லை. ஒவ்வொரு மலையையும் நேராக அறுத்துக்கொண்டு தெற்கே வருகிறது. டன்கனன் ஊருக்குப் பக்கத்தில் ஜூனியாட்டா ஆறு வந்து சேர்ந்த பிறகு அகலம் இன்னும் கூடுகிறது.

மலையாக மடிந்து நிமிர்ந்த பாறை அடுக்குகள் ஆற்றுக்கு அடியிலும் தொடர்கின்றன. கெட்டியான மணற்பாறை ஓர் அடுக்கு, எளிதில் அரிபடும் களிப்பாறை அடுத்த அடுக்கு. பல இடங்களில் இவை படுக்காமல் சாய்ந்தும் செங்குத்தாகவும் நிற்கின்றன. களிப்பாறையை ஆறு காலகாலமாக அரித்துப் பள்ளமாக்கிவிட்டது; மணற்பாறையை வரப்பாக விட்டுவிட்டது. ஆகவே ஆற்றின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, உழவுசால் போட்டது போல மேடும் பள்ளமும் மாறி மாறிப் போகின்றன. இரண்டடித் தண்ணீர் ஓடும் பாறை வரப்பை ஒட்டியே எட்டடி, பத்தடிப் பள்ளம் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஒரே தண்ணீர்தான். வால்ஐ அந்தப் பள்ளத்தில் பகலைக் கழித்துவிட்டு, மாலையில் வரப்பின் விளிம்புக்கு வரும்.

பெரியவருக்கு இருந்த பெரிய வசதி ராக்வில் பாலம். புளூ மலையை அறுத்துக்கொண்டு ஆறு வெளியே வருகிற இடத்துக்குச் சற்றுத் தெற்கே அந்த ரயில் பாலம் நிற்கிறது. பென்சில்வேனியா ரயில்ரோடு கட்டியது, 1902-இல் திறந்தது. நீளம் 3,820 அடி. மொத்தம் 48 கல் வளைவுகள். கல்லால் கட்டிய வளைவு ரயில் பாலங்களில் உலகத்திலேயே நீளமானது அதுதான். இன்றைக்கும் சரக்கு ரயில்கள் அதன் மேல் போய்க்கொண்டிருக்கின்றன. எஞ்சினியர்கள் அதைப் பார்க்க வருவார்கள். பெரியவருக்கு அது ஓர் அளவுகோல். மேற்குக் கரையிலிருந்து வளைவுகளை எண்ணுவார். அவ்வளவு அகலத் தண்ணீரில் நிற்கும்போது இருக்கிற இடத்தைச் சொல்ல இதைப் போல வேறு அடையாளம் கிடையாது. இன்ன வளைவுக்கு நேர் கீழே, கிழக்குக் கரையில் இன்ன மரத்துக்கு நேராக என்று இரண்டு கோடுகளைப் பிடித்துவிட்டால் போதும். அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு இருட்டிலும் திரும்பி வரலாம்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஓரம் நைந்த, நீல மை ஊறிய ரயில்வே நோட்டு. அதில் மீன் கணக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாறை வரப்பு. அதற்கு மேலே அன்றைய ஆற்று மட்டம். ஹாரிஸ்பர்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஆற்றின் மட்டத்தை அளந்து பதிவு செய்கிறார்கள். அந்த அளவுமானியின் எண்ணைத்தான் ஆற்றோடு பழகியவர்கள் எல்லோரும் பேசுவார்கள். மூன்றரை அடி என்றால் பாறைகள் வெளியே. ஐந்து என்றால் எல்லாம் மூழ்கிவிட்டது. பதினேழு என்றால் வெள்ளம். அந்த எண் ஆழத்தைச் சொல்வதில்லை, மட்டத்தை மட்டும் சொல்கிறது. மூன்றரையில் கண்ணால் பார்த்த வரப்பின் தலை தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தது என்று எழுதி வைத்திருந்தால், ஐந்தில் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் வறண்ட மாதங்களில் எழுதியதை ஈர மாதங்களில் படிப்பார்.

செப்டம்பர் சனிக்கிழமைகளில் அவரோடு ஆற்றில் நடப்பேன். நடப்பது என்றுதான் சொல்ல வேண்டும். அடியில் ஆணி வைத்த பூட்ஸ், கையில் ஒரு நீளக் கழி, மார்பில் மிதவைச் சட்டை. கண்ணாடி ஒன்று கொடுத்தார். தண்ணீர் மேல் வெயில் அடிக்கும் கூச்சத்தை வெட்டிவிடும் கண்ணாடி. அதைப் போட்டதும் ஆற்றின் தரை எழுந்து வந்தது. பச்சை நீர்ப்புல் கற்றை கற்றையாக ஓட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கிய இடங்களில் அதில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். கூழாங்கல் தரை வெளிர் பழுப்பு. பாறை வரப்பு கறுப்பு. பள்ளம் பச்சை, ஆழம் கூடக் கூடக் கரும்பச்சை. ஒரு கூழாங்கல்லைப் புரட்டினால் நண்டும் இறாலும் கலந்த தோற்றத்தில் கிரேஃபிஷ் ஒன்று பின்பக்கமாகப் பாய்ந்து ஓடும். மீன்களுக்குப் பெரிய தீனி அது.

பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தண்ணீர் மேல் ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு கோடு தெரியும். அதன் கூர் ஓட்டம் போகும் திசையைக் காட்டினால் அங்கே வரப்பில் ஒரு வாய்க்கால் திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பாறை. கூர் ஓட்டத்தை எதிர்த்து நின்றால் அந்தக் கூரின் அடியில் ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஓரிடத்தில் மேலெழும்பினால், பாறை அந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் மேல்பக்கம் இருக்கிறது. பாறை ஆழத்தில் இருக்க இருக்க, கொதிப்பு அதிலிருந்து தள்ளிப் போய்த் தெரியும். நுரையும் உதிர்ந்த இலையும் ஒரே கோட்டில் போகின்றனவா, அது வேக நீரும் மந்த நீரும் உரசுகிற எல்லை. மீன் மந்த நீரில் சும்மா நின்றுகொண்டு, வேக நீர் கொண்டுவருவதைத் தின்னும். இதெல்லாம் எந்த ஆற்றுக்கும் பொருந்தும். அந்த ஆற்றில் இன்னொரு அடையாளமும் இருந்தது, அதை வேறு எங்கேயும் நான் பார்க்கவில்லை.

அது நிலக்கரி. பெரியவர் ஒரு பெரிய பாறையின் கீழ்ப்பக்கம் குனிந்து, கையை முழங்கை வரை விட்டு, ஒரு பிடி அள்ளிக் காட்டினார். கறுப்பு மணல். ஈரத்தில் மின்னியது. விரலால் தேய்த்தால் மணலை விட லேசாக இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் ஸ்க்ராண்டன், வில்க்ஸ்-பாரி, ஷமோக்கின் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டிக் கழுவிய நிலக்கரியின் தூள், நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆற்றில் வந்து இறங்கியிருக்கிறது. அதை அள்ளி விற்கவே ஹாரிஸ்பர்க்கில் ஒரு படகுக் கூட்டம் இருந்தது. தட்டையான படகு, பின்னால் துடுப்புச் சக்கரம், ஆற்றுத் தரையை உறிஞ்சி எடுக்கும் பம்பு. ஹார்ட் கோல் நேவி என்று ஊரில் பெயர். பெரியவருடைய அப்பா அந்தப் படகில் வேலை பார்த்தவர். கரி எங்கே சேரும் என்பது அந்தப் படகுக்காரர்களுக்கு மனப்பாடம். சேராத இடத்தில் பம்பைப் போட்டால் அன்றைய கூலி போச்சு. 1950-கள் வாக்கில் அந்தத் தொழில் அடங்கிவிட்டது. 1959 ஜனவரி 22-ஆம் தேதி பிட்ஸ்டன் அருகே ஆறே சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு இறங்கி 12 பேர் செத்தார்கள்; அதோடு அந்தப் பள்ளத்தாக்கில் ஆழ்சுரங்கத் தொழிலே ஏறக்குறைய முடிந்துபோனது.

ஆனால் கரி இன்னும் ஆற்றில் இருக்கிறது. கரி லேசு. கொஞ்சம் ஓட்டம் இருந்தாலும் அடித்துக்கொண்டு போய்விடும். அது ஓரிடத்தில் படிந்திருக்கிறது என்றால், வெள்ளத்திலும் அந்த இடத்தில் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். மட்டம் எட்டடி, பத்தடிக்கு ஏறும்போது, ஆற்றில் இருக்கும் மீன் முழுவதும் அப்படிப்பட்ட இடத்தைத் தேடித்தான் ஒதுங்கும். செப்டம்பர் மாதத்து முழங்கால் தண்ணீரில் ஒரு பிடி கறுப்பு மணல், டிசம்பர் மாதத்து மீன் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுகிறது. அவருடைய அப்பா கரிக்காகக் கற்ற பாடத்தை அவர் மீனுக்காகப் பயன்படுத்தினார். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நோட்டில் அந்த இடங்களுக்குக் கறுப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருப்பார்.

இன்னொன்றும் வறண்ட மாதங்களில்தான் தெரியும். கற்களை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர்கள், இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஓட்டம் போகும் திசையில் கூராக முடியும். விலாங்கு பிடிக்கக் கட்டியவை. முதலில் அங்கே வாழ்ந்த பழங்குடிகள் கட்டினார்கள். பின்னால் வந்து குடியேறியவர்களும் அதையே தொடர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் கடலை நோக்கிப் போகும் விலாங்கைச் சுவர் ஒதுக்கிக் கொண்டுவந்து கூர்முனையில் வைத்த பொறியில் தள்ளும். கீழே ஹோல்ட்வுட், கோனோவிங்கோ, சேஃப் ஹார்பர் என்று மின்சாரத்துக்காக அணைகள் எழுந்தன. கோனோவிங்கோ 1928-இல் வந்தது. கடலிலிருந்து ஏறிவரும் விலாங்குக் குஞ்சுக்கும் ஷாட் மீனுக்கும் வழி அடைபட்டது. பிடிக்க விலாங்கு இல்லை. சுவர் மட்டும் கிடக்கிறது. அந்தக் கூர்முனைக்குக் கீழே, பிதுங்கி வருகிற தண்ணீர் தோண்டிய ஒரு குழி எப்போதும் இருக்கும். அதில் வால்ஐ நிற்கும். யாரோ யாருக்காகவோ கட்டியது, இன்னொரு மீனுக்கு வீடாகிவிட்டது. அந்த அணைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியவர் குரல் உயரும். மின்சாரம் வேண்டும்தான், அதற்காக ஓர் ஆற்றின் பாதி உயிரை அடைத்து வைத்தது நியாயமில்லை என்பார். எனக்கும் அதே எண்ணம்தான்.

பள்ளம் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. தண்ணீர் குறைந்த காலத்தில் மீன் எந்தப் பள்ளத்தில் நிற்கும் என்பது வேறு கேள்வி. வெயில் காலத்தில் தண்ணீர் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் தேங்கிக் கிடக்கும் பெரிய மடுவை விட, கல்லோட்டம் சலசலத்து வந்து விழுகிற மடுவின் தலைப்பகுதிதான் மீனுக்கு இதம். செப்டம்பர் கடைசியில் இரவுகள் குளிர்ந்ததும் அதே மீன் மடுவின் வால்பகுதிக்கு, ஆழம் மெல்ல ஏறி அடுத்த வரப்பைத் தொடும் இடத்துக்கு, சிறுமீன்களைத் துரத்திக்கொண்டு வரும். நவம்பரில் அந்தப் பகுதியிலேயே ஆழமான ஒன்றிரண்டு மடுக்களில் கூடிவிடும். தண்ணீர் குறைவாக இருப்பதால் மீன் நிற்கத் தகுந்த இடங்களும் குறைவு. ஆறு பாதிக்கு மேல் வெறும் தரை. ஆகவே சரியான இடம் தெரிந்தவருக்கு வறட்சி பெரிய உபகாரம். படகில் பொருத்தும் எதிரொலிக் கருவி மூன்றடித் தண்ணீரில் காலுக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் காட்டும். அதற்குள் மீன் ஓடிவிடும்.

பொழுது சாயும் நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வரப்பின் மேல், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் இடத்தில் நிற்போம். எங்களுக்குக் கீழே ஐந்தாறு பாகம் தள்ளி அடுத்த வரப்பு; நடுவில் கரும்பச்சைப் பள்ளம். கண்மணி அளவு ஈயத் தலையோடு கூடிய ஒரு முள், அதில் சிறுமீன் வடிவ ரப்பர் வால். ஜிக் என்பார்கள். அதை ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக எறிந்து, தரையைத் தொட்டுத் தொட்டு வரவிட வேண்டும். நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்புறம் எல்லாம் விரலில்தான். கூழாங்கல் என்றால் டக், டக், டக் என்று சன்னமான தட்டல். பாறை என்றால் ஒரே கெட்டித் தட்டல், பிறகு ஒரு வழுக்கல். கரி மணல் என்றால் ஒன்றுமே இருக்காது, மெத்தென்று அமுங்கும். வரப்பின் விளிம்பைத் தாண்டியதும் தட்டல் நின்றுபோகும். ஈயம் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினால் பள்ளத்தின் ஆழம் தெரியும். அந்த விழுதலின் முடிவில் தரை வர வேண்டிய நேரத்தில் தரை வராது. நரம்பு லேசாகக் கனக்கும். இழுப்போ வெட்டோ இருக்காது, வெறும் கனம். அதுதான் வால்ஐ. அப்போது தூண்டில் கழியைத் தூக்க வேண்டும். தூக்கினால், அது மேலே குதிக்காது. தலையை ஆட்டி ஆட்டி ஆழத்தை நோக்கியே இழுக்கும். கிட்டத்தில் வந்ததும் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு கண்களும் ஆரஞ்சாக ஒளிரும்.

ஆகஸ்ட் மாத மாலைகளில் இன்னொரு காட்சி. வெள்ளை மேஃபிளைப் பூச்சிகள் ஆற்றிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்பும். நகரத்துப் பாலங்களின் விளக்குகளைச் சுற்றி வெள்ளையாக மூடிக்கொள்ளும். செத்து விழுந்தவை ரோட்டில் வழுக்கும் அளவுக்குக் குவியும். ஒரே இரவில் முட்டையிட்டுச் செத்துப்போகிற பூச்சி. அந்த நேரத்தில் ஆற்றில் வாய் திறக்காத மீன் கிடையாது.

கரைக்கு வந்தால் அவரவர் சமையல். அவர் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு. வால்ஐ சதை வெள்ளை, வாடை கிடையாது, நடுமுள்ளை எடுத்துவிட்டால் குழந்தைகள் பயமில்லாமல் சாப்பிடலாம். புளிக்குழம்புக்கு அது சரிப்படாது, சதை உதிர்ந்துவிடும். பாதரசம் போன்றவை மீனில் சேர்வதால், பொழுதுபோக்காகப் பிடிக்கும் மீனை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநிலம் பொதுவாக அறிவுறுத்துகிறது. நாங்கள் அதை மீறியதில்லை. மார்ச் நடுவிலிருந்து மே முதல் சனி வரை வால்ஐ பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். அந்த வாரங்களில் பெரியவர் தூண்டிலைத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டி வைத்துவிடுவார். வேறு மீனுக்கும் இறங்கமாட்டார்.

2011 செப்டம்பரில் லீ புயல் வந்தது. ஆறு 25 அடியைத் தாண்டியது. 1972-இல் ஆக்னஸ் வந்தபோது 32 அடிக்கு மேல் ஏறி ஆளுநர் மாளிகைக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததை அவர் வாலிபத்தில் பார்த்தவர், ஆகவே பதறவில்லை. எனக்குக் கவலை நோட்டைப் பற்றி. அவ்வளவு வெள்ளத்துக்குப் பிறகு அதில் எழுதியது எதுவும் செல்லுமா? அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியதும் நோட்டோடு போய்ப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். கூழாங்கல் திட்டுகள் சில இடம் மாறியிருந்தன. வேரோடு வந்த மரங்கள் தீவுகளின் தலைமாட்டில் செருகிக் கிடந்தன. பாறை வரப்பு ஒன்றுகூட அசையவில்லை. பள்ளங்கள் இருந்த இடத்தில் இருந்தன. கரி படிந்த இடங்களில் புதிதாகக் கரி படிந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு முசிறி ஞாபகம் வந்தது. என் தாத்தாவுக்கும் காவிரியில் கசம் எங்கே, சுழி எங்கே, எந்தத் துறையில் குழந்தைகளை இறக்கலாம் என்பது தெரியும். மணல் ஆறு வெள்ளத்துக்கு வெள்ளம் தரையை மாற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் தண்ணீர் வடிந்ததும் பெரியவர்கள் இறங்கி நடந்து புதிதாகத் தெரிந்துகொள்வார்கள். அதையே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பிற்பாடு மணல் அள்ளிய குழிகள் வந்தன. ஆறு தானாகத் தோண்டாத குழியை ஆற்றின் போக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆடிப்பெருக்குக்கு இறங்குகிறவர்களைப் பலிவாங்குவது அந்தக் குழிகள்தான். சஸ்குவெஹானாவைக் கரிச் சுரங்கமும் அணையும் எவ்வளவோ கெடுத்தன. ஆனால் அதன் தரையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதனால்தான் ஒரு மகன் தன் அப்பாவின் அறிவை வைத்து மீன் பிடிக்க முடிந்தது.

அந்த ஆற்றுக்கும் இப்போது வேறு துன்பங்கள். 2005-ஐ ஒட்டிய கோடைகளில் ஸ்மால்மவுத் பாஸ் குஞ்சுகள் நோய் கண்டு மொத்தமாகச் செத்தன. தண்ணீர் குறைந்து சூடேறும் மாதங்களில்தான் அந்த நோய் மோசமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த ஃபிளாட்ஹெட் கெளுத்தி மடுக்களில் பெருத்துவிட்டது. பெரியவர் இப்போது இல்லை. நோட்டு அவருடைய பேத்தியிடம் இருக்கிறது, அவளும் ஆற்றில் இறங்குகிறவள். நான் ஊர் திரும்புவதற்கு முன் பெரியவரின் அனுமதியோடு அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே அளவுமானி என்ன காட்டுகிறது என்று இன்றும் கணினியில் பார்க்கிறேன். மூன்றரை என்று வந்தால் எந்தெந்த வரப்பு இப்போது வெயில் காய்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரில் ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ராக்வில் பாலத்துக்குக் கீழே போங்கள். தூண்டில் போடுவதானால் பதினாறு வயது நிறைந்த எல்லோருக்கும் உரிமம் வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டாம். மிதவைச் சட்டையை எல்லோருக்கும் மாட்டுங்கள், தண்ணீர் கணுக்காலளவுதானே என்று நினைக்காதீர்கள். அடுத்த எட்டில் பத்தடி இருக்கும். நகரத்தை ஒட்டி, சிட்டி ஐலண்டுக்குக் கீழே இருக்கும் டாக் ஸ்ட்ரீட் அணைப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். பார்த்தால் சின்னத் தடுப்புதான். ஆனால் கீழே விழுந்த தண்ணீர் திரும்பித் திரும்பி உள்ளேயே இழுக்கும், பல பேரைக் கொன்றிருக்கிறது. நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். அன்றைய மட்டத்தை முதல் வரியில் எழுதுங்கள்.